உம் கொட்டச் சொன்ன பாய்

அது ஒரு சாப்பாட்டு டப்பா. வெள்ளை பிளாஸ்டிக், நீல மூடி. மூடியின் நடுவில் சூடான கம்பியால் குத்திய ஒரு ஓட்டை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பச்சை விளக்கு ஒன்று, அதை ஒட்டியே இன்னொரு ஓட்டையில் சிவப்பு விளக்கு. கிணற்றடி மோட்டார் அறையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அதை மாட்டியபோது, "இன்னா பாய், மோட்டாருக்கு மதிய சோறு கட்டியாந்தியா?" என்று எங்கள் ஊராட்சித் தலைவர் கேட்டார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். "ஆமாங்க தலைவரே, உங்க மோட்டாரு ரொம்ப நாளா பசியா கீது" என்றார். நான் ஓரமாக நின்றிருந்தேன். நான்கு பேர் கூடினால் ஓரமாக நிற்பதுதான் என் வழக்கம்.

அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். வாணியம்பாடியில் கடை வைத்திருந்தார். தோல் தொழிற்சாலைகளில் தொட்டி நிரம்பினால் மணியடிக்கும் கருவிகள் செய்து கொடுத்தவர். மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுவார், பழைய லேப்டாப்பில் புரோகிராம் எழுதுவார், இரண்டையும் ஒரே மேஜையில் செய்வார். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு அப்போது பஸ் எப்போதாவதுதான் வரும். ஜீப்பில் ஏறி, சாமை மூட்டைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே மடியில் அந்த லேப்டாப் பையை வைத்துக்கொண்டு வந்து இறங்குவார்.

நான் ஊராட்சியில் தொட்டி ஆபரேட்டர். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கிணறு ஊருக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி ஊருக்கு மேலே மேட்டில். கீழே இறங்கி மோட்டாரைப் போட்டு, மேலே ஏறித் தொட்டி நிரம்பியதா என்று பார்த்து, மறுபடி கீழே போய் நிறுத்துவதுதான் என் வேலை. முழங்கால் வலி வந்த பிறகு அது பெரும்பாடாகிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் நடக்கும் விதத்தைப் பார்த்து ஊராட்சிச் செயலர்தான் பாயிடம் பேசி வரவழைத்தார்.

பாய் கொண்டுவந்தது இரண்டு டப்பாக்கள். ஒன்று தொட்டியில், ஒன்று கிணற்றில். ஒவ்வொன்றுக்குள்ளும் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைப் பலகை. அதில் ஒரு சின்னச் சில்லு. எதிரெதிராக வைத்த இரண்டு ஆன்டெனா வழியாக ஒன்றோடொன்று பேசும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மேல் டப்பா "ஓடு" என்று சொல்லும், கீழ் டப்பா மோட்டாரைப் போடும். நிரம்பினால் "நில்" என்று சொல்லும், மோட்டார் நிற்கும். பாய் எனக்கு விளக்கியது இப்படித்தான்: "போன் போடறோம் இல்ல, அந்த மாதிரி காலையில ஒரு தபா லைன் போட்டுக்கும். அப்புறம் வெக்கவே வெக்காது. லைன்லயே இருக்கும். ஆனா சும்மா பேசாது, மேல கீறது சோலார் பேட்டரி, பேசுனா சார்ஜ் போய்டும். தேவைன்னாத்தான் வாயத் தொறக்கும். உங்கள மாதிரிதான் அக்கா."

அன்று மாலையே எல்லோருக்கும் முன்னால் சோதித்துக் காட்டினார். கீழ் டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தால் மேலே லைன் இருக்கிறது என்று அர்த்தம். லைன் போய்விட்டால் சிவப்பு எரிந்து மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். லேப்டாப்பில் ஏதோ தட்டினார். மேல் டப்பா லைனை வைத்துவிட்டது. அந்த நொடியே கீழே சிவப்பு. மோட்டார் நின்றது. தலைவர் தலையாட்டினார். எனக்கு என் இரண்டு முழங்கால்களையும் யாரோ தடவிக் கொடுத்த மாதிரி இருந்தது.

பாய் மரியாதைக்காரர். எந்த வீட்டிலிருந்தும் "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். சொல்லிவிட்டு, "சரி, போய்ட்டு வாங்க" என்ற பதில் காதில் விழும்வரை வாசலிலேயே நிற்பார். போனிலும் அப்படித்தான். "வெக்கிறேன் அக்கா" என்பார். நான் "சரிங்க பாய்" என்று சொன்ன பிறகுதான் வைப்பார். அவர் செய்த டப்பாவும் அவரைப் போலவே, சொல்லிக்கொண்டு போவதை மட்டும் புரிந்துகொள்ளும் டப்பாவாக இருந்தது. அது எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

அவரோடு போனில் பேசுவதுதான் எனக்குச் சிரமம். எங்கள் ஊரில் பெரிய பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அங்கேயும் காற்றடித்தால் போய்விடும். வாரம் ஒருமுறை டப்பா எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூப்பிடுவார். அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த வாயில், "உம்" என்றுகூட வராது. திடீரென்று நிறுத்திக் கேட்பார்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன் பாய்."

"இருந்தா உம் கொட்டுங்கக்கா. உங்களாண்ட பேசறேனா செவுத்தாண்ட பேசறேனான்னு தெரியல. போன வாரம் நீங்க கேட்டுக்கினு இருக்கீங்கன்னு நெனச்சி எங்க வூட்டுக் கதையெல்லாம் சொல்லி முடிச்சேன். பாத்தா லைன் எப்பவோ பூட்டுது. பக்கத்து டீக்கடைக்காரரு இன்னும் சிரிச்சிக்கினு கீறாரு."

சில நாள் இதற்கு நேர்மாறாக நடக்கும். நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். சத்தம் வராததால் லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் வைத்துவிடுவார். நானும் மறுபடி கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு பாறையிலிருந்து இறங்கிவிடுவேன். 

மழை ஏமாற்றிய ஒரு வருஷம். கார்த்திகை முடிந்தும் கிணற்றில் பெரிதாக ஊறவில்லை. மழையைக் கொண்டுவராத மேகம் மட்டும் நாள்கணக்கில் மலையை மூடிக்கிடந்தது. எதிர்வீடு கண்ணுக்குத் தெரியாது. சோலார் தகட்டில் வெயில் விழவில்லை. ஒரு பகலில், தொட்டி பாதி நிரம்பிக்கொண்டிருந்தபோது, மேல் டப்பாவின் பேட்டரி தீர்ந்து அணைந்துபோனது. கடைசியாக அது சொன்ன வார்த்தை "ஓடு". அதற்குப் பிறகு அது எதுவும் சொல்லவில்லை. லைனை வைக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

கீழ் டப்பா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே நின்றது. அதைப் பொறுத்தவரை லைன் இருக்கிறது. மேலே இருப்பவர் பேசாதவர். தேவை வந்தால் பேசுவார். பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பி, அந்தப் பக்கம் உண்ணிப்புதர் மண்டிய ஓடையில் தண்ணீர் கொட்டியது. மூடுபனியில் யார் பார்ப்பது? மோட்டார் சத்தம் கேட்டால் எங்கள் ஊருக்கு நிம்மதி. "இன்னிக்கி நல்லா ஓடுது" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் சத்தம் மாறியது. நான் ஓடி இறங்கினேன். கிணறு வறண்டு, குழாயின் வாய் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அறைக்குள் எரிந்த வார்னிஷ் நாற்றம். காயில் போய்விட்டது. அந்தப் புகைக்கு நடுவே பச்சை விளக்கு மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

மோட்டார் இல்லாத நாட்களில் ஊர் ஊற்றுக்குப் போனது. கிணற்றில் மறுபடி ஊறும்வரை சேறுதான் இருந்தது. ஊற்றுக்குப் போகும் வழி பாசி பிடித்த சரிவுப் பாறை. என் தங்கையின் மருமகளுக்கு நிறைமாதம். போகவேண்டாம் என்று சொல்லியும் போனாள். குடத்தோடு சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். குடம் உருண்டு போய்ப் பள்ளத்தில் விழுந்த சத்தம் ஊர்வரை கேட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கை என்னிடம் கோபமாகப் பேசவில்லை, "உன் டப்பா நல்லா கீதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு அவள் கோபமாகவே பேசியிருக்கலாம்.

பாய் எரிந்த மோட்டாரை எடுத்துப்போய்க் காயில் கட்டிக்கொண்டு வந்தார். ரேஷன் கடை வாசலில் கூட்டம். தலைவர் நேராகப் பேசினார்: "இத்த பாருங்க பாய், டிபன் பாக்ஸ நம்பி கிணத்த உட்டோம். இன்னொரு தபா எரிஞ்சா வேற மோட்டாருக்கு எங்கயும் கேக்க முடியாது. மறு வருஷம் வரைக்கும் பொம்பளைங்க ஊத்துக்குத்தான் நடக்கணும். அந்த டப்பாவ கழட்டிட்டு பழையபடி அந்த அம்மாவே கீழ ஒக்காரட்டும்." அந்த அம்மா என்றது என்னை.

பாய் சாக்குச் சொல்லவில்லை. "தப்பு என்னுதுங்க" என்றார். "ஒரே ஒரு தபா டைம் குடுங்க. சரியா வரலன்னா நானே கழட்டிக்கினு போய்டறேன்." கொஞ்சம் யோசித்து ஒத்துக்கொண்டார்கள்.

அவரோடு நானும் மேட்டுக்கு ஏறினேன். செத்துப்போன மேல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியின் நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "விளக்கு பொய் சொல்லலக்கா. அதுக்கே தெரியாது" என்றார். "அன்னிக்கி நான் டெஸ்ட் பண்ணும்போது ஒழுங்கா லைன வெச்சிட்டுப் போவ சொன்னேன். வெச்சா கீழ தெரியுது. இது வெக்கல. மூச்சு நின்னு செத்துச்சு. செத்தவன் போய்ட்டு வர்றேன்னு சொல்லுவானா?" பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கள மாதிரி பேசாத டப்பாவா செஞ்சேன் பாருங்க, அதுதான் தப்பு. பேசலன்னா, கேட்டுக்கினு இருக்கா, இல்ல லைனே பூட்டுதான்னு எப்படி தெரியும்? நான்தான் உங்களாண்ட வாரா வாரம் மாட்டிக்கினு முழிக்கிறனே, இதுல எனக்குப் புத்தி வராம போச்சு பாருங்க."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தார். இனிமேல் கீழ் டப்பா கொஞ்சத்துக்கொருமுறை "இருக்கியா" என்று கேட்கும். மேல் டப்பா "உம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆள் இல்லை என்று கணக்கு. மோட்டார் நிற்கும், சிவப்பு எரியும். பேட்டரி தாங்குமா என்று கேட்டேன். "உம் சொல்றதுக்கு இன்னா செலவு? கதை சொன்னாத்தான் செலவு" என்றார்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம். முடியவில்லை. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு புளியமரம். காற்றில் கிளை ஆடும்போதெல்லாம் ஒன்றிரண்டு "உம்" வழியிலேயே காணாமல்போகும். உடனே மோட்டார் நின்றுவிடும். ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. "எரிஞ்ச மோட்டாரே தேவலாம் போலகீதே" என்று குழாயடியில் என் காதுபடவே சொன்னார்கள். பாறைமேல் ஏறி அவருக்குச் சொன்னேன். மறுநாளே ஜீப்பில் வந்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுமையா கீற மாதிரி மாத்தணும்" என்றார். "ஆனா எவ்ளோ பொறுமை? அதிகமா பொறுத்தா மறுபடி கிணறு காயும். கம்மியா பொறுத்தா தொட்டி ரொம்பாது. கிணறு உங்களுக்குத்தான் தெரியும். தண்ணி அடியில கீறப்போ மேல இருந்து பேச்சு நின்னு பூட்டா, எவ்ளோ நேரம் ஓட உடலாம்?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "கோடையில கேக்கறீங்களா, மழையில கேக்கறீங்களா பாய்?" என்றேன்.

"கோடையிலயே சொல்லுங்க. எது கம்மியோ அத்த வெச்சிக்கலாம்."

நான் கடிகாரம் பார்த்து வேலை செய்தவள் இல்லை. கிணற்றடிக்கு மேலேயே இருக்கும் என் வீட்டு அடுப்பை வைத்துத்தான் எனக்குக் கணக்கு. "ஒல கொதிச்சி சாமையப் போட்டா, சோறு வேகற நேரம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சில்லுக்கு சாமை தெரியாதேக்கா, நிமிஷத்துல சொல்லணுமே" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தார். நான் உலை வைத்தேன். அடுப்புக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் சாமையைக் களைந்து போட்டேன். புகையில் கண் எரிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. நான் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, "ஆச்சு" என்றதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அதில் பாதியைத்தான் எழுதினார். "சோறு குழையறதுக்கு முன்னாடி எறக்கிடணும் இல்ல" என்றார். பிறகு அந்தச் சோற்றைப் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். இந்த மலையிலேயே நிமிஷம் எண்ணி வெந்த சோறு இதுதான் என்றார்.

இம்முறை சோதனையும் வேறு மாதிரி. லேப்டாப்பைத் தொடவில்லை. மேட்டில் நின்று, எந்த நேரம் என்று யாருக்கும் சொல்லாமல் பேட்டரி வயரைப் பிடுங்கினார். நானும் தலைவரும் கீழே நின்றிருந்தோம். பச்சை எரிந்துகொண்டே இருந்தது. "வேலைக்காவல போலகீதே" என்றார் தலைவர். நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் பீடியைப் பற்றவைத்துப் பாதி இழுப்பதற்குள் சிவப்பு வந்தது. மோட்டார் நின்றது.

ஆனால் அதன்பிறகு ரேஷன் கடை வாசலில் கூடிய கூட்டத்தில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. தங்கைதான் கேட்டாள்: "அப்ப இனிமே சும்மா சும்மா நிக்காதா?" எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். பாய் என்னைப் பார்த்தார். நான் ஓரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தேன். அந்தக் கிணற்றைத் தெரிந்தவள் அங்கே நான்தான்.

"நிக்கும்" என்றேன். "மேல நல்லா இருந்தும் சில நாளு நிக்கும். நின்னா நான் போய்ப் பாத்துப் போட்டுடறேன். நின்னா நடைதான். நிக்காம ஓடிச்சின்னா காயில் பூடும்."

அவ்வளவுதான் பேசினேன். தங்கை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்றாள். அவள் சொன்னால் பெண்கள் பக்கம் முடிந்த மாதிரி.

பாய் இப்போது இல்லை. கடந்த கோடையில், மாரடைப்பு என்று அவர் மகள் போனில் சொன்னாள். அவள் அழுதுகொண்டே பேசினாள். நான் பாறைமேல் நின்று, அவள் நிறுத்தி நிறுத்திப் பேசிய ஒவ்வொரு இடத்திலும் "உம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். 

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வருஷமும் மேகம் அதேபோல் வந்து மூடியது. அப்போது அவர் இருந்தார். ஒரு முற்பகலில் மோட்டார் சத்தம் சட்டென்று நின்றது. குழாயடியில் குடங்கள் வரிசையில் கிடந்தன. "நின்னுடுச்சி, நின்னுடுச்சி" என்று கத்தல். தலைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பள்ளத்தில் இறங்கினார். பின்னால் சில பெண்கள். தங்கையின் மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அறைக்குள் சிவப்பு. மோட்டார்மேல் கைவைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான். வெளியே வந்து எல்லோரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தோம். குழாயின் வாய்க்கு மேலே, ஆள் முழுகும் ஆழத்துக்குத் தண்ணீர் அசையாமல் நின்றிருந்தது.

தலைவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து பீடியைத் தேடினார். "மேல பேட்டரி பூட்டிருக்கும்" என்றேன். "பாயிக்கு போன் போடு" என்றார்.

பாறைமேல் ஏறிக் கூப்பிட்டேன். மோட்டார் நின்றுவிட்டது என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "தண்ணி கீதா அக்கா?"

"கீது பாய். ஆள் முழுகற அளவுக்கு."

மறுபக்கம் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கி பேட்டரி எடுத்துக்கினு வர்றேன். இந்த மேகத்துல தொட்டி ரொம்பறது தெரியாது, அதுவரைக்கும் மோட்டார யாரும் தொடாதீங்க" என்றார்.

நான் திரும்பி இறங்கியபோது தங்கை எங்கிருந்தோ கயிறும் வாளியும் கொண்டுவந்திருந்தாள். ஒருத்தி இறைக்க, இன்னொருத்தி குடத்தில் ஊற்றினாள். மறுநாள் பாய் பேட்டரி கொண்டுவரும்வரை அப்படித்தான் நடந்தது. ஊற்றுப் பாதையில் யாரும் போகவில்லை.